பெட்டிக்குள் இருக்கிற ஆள்

ஒரு காலத்தில் அவரை வயலின்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பிறகு பெட்டிக்காரர் ஆனார். வயலினும் பெட்டியில்தானே வருகிறது, அப்போதே அந்தப் பெயர் ஏன் ஒட்டவில்லை என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது. கீபோர்டு ஒன்றை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, டயர்க் கடை மாடியில் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போக ஆரம்பித்ததும் பெயர் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. கொஞ்ச நாளில் அவரே போனில் "பெட்டிக்காரர் பேசறேன்" என்று சொல்லப் பழகிவிட்டார்.

வயிற்றுப்பாட்டுக்காகத்தான் பெட்டிக்கு மாறினேன் என்று கேட்கிறவர்களிடம் சொல்வார். அதில் பாதி உண்மை. அவரும் தங்கை புருஷனும் ஜோடியாக வாசித்துக்கொண்டிருந்த சாப்பாட்டு விடுதியில், முதலாளி சுவருக்கு ஒரு ஸ்பீக்கரை மாட்டிவிட்டு, "இனிமே நீங்க சிரமப்பட வேண்டாம்" என்று மரியாதையாகவே அனுப்பிவைத்தார். அது வாஸ்தவம். மீதிப் பாதியை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் பெட்டிப் பாட்டுகள் அவருக்குப் பிடித்திருந்தன. ஒரு விரலை வைத்தால் இருபது வயலின் ஒன்றாக எழுந்து நிற்கும். தாளம் அதுபாட்டுக்கு டங்கு டங்கென்று ஓடும். சின்னப் பிள்ளைகள் எழுந்து ஆடும். விடுதியின் மீன் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, எலும்பு கடிக்கிறவர்களின் முதுகைப் பார்த்து உயிரைக் கொடுத்து வாசித்த மனிதருக்கு, தன் பாட்டுக்கு யாரோ ஆடுகிறார்கள் என்பது லேசுப்பட்ட சந்தோஷமா?

தங்கை புருஷன் குழல்காரர். அந்த மனிதருக்குத் தங்கையைக் கட்டிக்கொடுத்ததே அவர் குழலைக் கேட்டுத்தான். வேலை நிரந்தரமில்லை, வீடு வாசல் இல்லை என்று வீட்டில் எல்லோரும் முகத்தைச் சுளித்தபோது, "இப்படி வாசிக்கிறவன் பொண்டாட்டியை அடிக்க மாட்டான்" என்று ஒற்றைக் காலில் நின்று முடித்துவைத்தவர் நம் பெட்டிக்காரர். அந்தக் கணக்கு தப்பவில்லை. அடிக்கவும் இல்லை, ஒரு சொல் உரக்கப் பேசியதும் இல்லை. சம்பாத்தியம்தான் கொஞ்சம் முன்னே பின்னே. தங்கை பள்ளிச் சீருடை தைத்துக் குடும்பத்தை ஓட்டினாள். முன்னறையில் பாதி தையல் மெஷின், மீதி நீலத்துணி மூட்டைகள். நடுவில் ஒரு பாய்க்கு இடம். அதில் உட்கார்ந்து குழல்காரர் சாதகம் செய்வார்.

கூடத்தில் பாட்டுப் போடுகிற பையனுக்கு அவசரம் என்று பெயர். சோறு தின்றாலும் அவசரம், காதலித்தாலும் அவசரம் என்று சொல்லிச் சிரிப்பார்கள். கெட்டிக்காரன், கெட்ட மனசும் கிடையாது. ஒருநாள் அவன்தான் ஆரம்பித்துவைத்தான்.

"அண்ணே, பெட்டில இருக்கற குழல் சத்தத்தைக் கேட்டா எனக்குப் பல்லு கூசுது. பிளாஸ்டிக் பைப்புல ஊதின மாதிரி இருக்கு. நல்ல குழல்காரர் யாராச்சும் இருந்தா சுரம் சுரமாப் புடிச்சுட்டு வாங்களேன். பெட்டிக்குள்ள ஏத்திட்டா நமக்கு எப்பவும் உதவும்."

"வாசிக்கிறவங்களையே கூப்பிட்டுக்கலாமே தம்பி."

"பாட்டுக்குப் பாட்டு கூப்பிட்டு, அவர் பஸ் புடிச்சு வந்து, வேர்வை ஆறி, வாசிச்சு முடிக்கறதுக்குள்ள நான் வேற பாட்டுக்குப் போயிருப்பேன். நீங்க புடிச்சுட்டு வாங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெட்டிக்காரர் மைக்கைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார். போகிற வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனார். கூடத்துக்குத்தான் வேண்டும் என்று நேராகவே சொல்லியிருக்கலாம். குழல்காரர் மறுத்திருக்கவும் மாட்டார். ஆனால் சொன்னால், "அப்ப இனிமே என்னைக் கூப்பிட மாட்டாங்களா மச்சான்?" என்று ஒரு கேள்வி வருமே. அந்தக் கேள்வியைப் பார்க்கத் திராணியில்லாமல் வேறொன்றைச் சொன்னார்.

"பெட்டி பழகறேன் மாப்பிள்ளை. வீட்ல தனியா உக்காந்து வாசிக்கறப்ப உங்க குழலும் உள்ள இருந்தா துணையா இருக்கும்."

"அட, இதுக்கா இவ்வளவு தயங்கறீங்க? ஊதிட்டாப் போச்சு!"

நல்ல கோடை. சத்தம் வரக்கூடாது என்று மின்விசிறியை நிறுத்தினார்கள், சன்னலை அடைத்தார்கள். எதிரொலி வராமல் இருக்கத் தங்கை வீட்டிலிருந்த போர்வைகளையெல்லாம் சுவரில் தொங்கவிட்டு, சீருடை மூட்டைகளைச் சுற்றி அடுக்கினாள். மறுநாள் கொடுக்கவேண்டிய தையலை அப்படியே போட்டுவிட்டு அடுக்களையில் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தாள். தெருவில் வண்டி போனால் நிறுத்தி, நாய் குரைத்தால் நிறுத்தி, ஒவ்வொரு சுரத்தையும் மெதுவாக ஒருமுறை, அழுத்தி ஒருமுறை, நீட்டி ஒருமுறை என்று குழல்காரர் ஊதிக்கொண்டே இருந்தார். வேர்வை மூக்கு நுனியில் சொட்டியது.

"என்ன மச்சான் இது, பாட்டு எப்ப வரும்?"

"பாட்டு வேணாம் மாப்பிள்ளை. ஒத்தை ஒத்தை சுரம்தான்."

"ஒண்ணாங் கிளாஸ் புள்ள எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி இருக்கு. உங்களைத் தவிர வேற யாராச்சும் கேட்டிருந்தா போடான்னு எழுந்து போயிருப்பேன்."

மத்தியானம் தங்கை சோறும் முட்டைப் பொரியலும் வைத்தாள். அண்ணன் தட்டில் ஒரு முட்டை கூடுதலாக விழுந்தது. அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, சாப்பிட்டார்.

பிடித்துவந்த சுரங்களைக் கூடத்தில் உட்கார்ந்து வெட்டும்போதுதான் பெட்டிக்காரர் ஒரு தப்புச் செய்தார். குழல்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு சுரத்துக்கும் முன்னால் வாயோரத்தில் மூச்சை இழுப்பார். சூடான தேநீரை உறிஞ்சுகிற மாதிரி சின்னச் சத்தம். பெட்டியில் ஏற்றும்போது அதை வெட்டி எறிந்துவிட வேண்டும். கீபோர்டுக் கட்டையில் விரல் பட்டதும் சுரம் வர வேண்டுமே, மூச்சுக்காகக் காத்திருக்க முடியுமா? தொழில் தெரிந்த எவனும் வெட்டியிருப்பான். ஆனால் பெட்டிக்காரர் அத்தனை வருஷம் அந்த மூச்சைக் கேட்டுத்தான் வில்லை எடுத்தவர். குழல்காரர் கண்ணை மூடி வாசிப்பார், தலையாட்டமாட்டார், எப்போது தொடங்குவார் என்பதற்கு அந்த மூச்சைத் தவிர வேறு அடையாளம் கிடையாது. பெட்டிக்காரர் காதுக்குச் சுரம் பிறப்பதே அங்கேதான். ஆகவே வெட்டாமல் விட்டுவிட்டார், விட்டோம் என்பதுகூட அவருக்கு அப்போது தோன்றவில்லை.

கட்டையில் கை வைத்தபோது சுரம் ஒரு நொடிப்பொழுது பிந்தி வந்தது. பரவாயில்லை என்று விரலை அந்த அளவுக்கு முந்தி வைத்தார். மீன் தொட்டிக்குப் பக்கத்தில் செய்த அதே வேலைதான். அவசரம் கேட்டுவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான்.

"அண்ணே! உள்ள ஆள் இருக்கார்ணே! யாருண்ணே இது?"

"வெளியூர் ஆள் தம்பி. உனக்குத் தெரியாது."

நாக்கு அதுவாகச் சொல்லிவிட்டது. சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே. அன்றைக்கே முழுப் பதிவையும், குழல்காரரின் பேச்சு, சிரிப்பு, அடுக்களையில் தங்கை ஒருமுறை இருமியது எல்லாவற்றையும் சேர்த்து அழித்துவிட்டார். இடத்தை அடைக்கிறது, சுத்தம் செய்கிறேன் என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டார். வெட்டிய சுரங்கள் மட்டும் பெட்டிக்குள் இருந்தன.

அந்தக் குழல் வைத்துப் போட்ட முதல் பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. பஸ்ஸில் அதுதான், முடி வெட்டும் கடையில் அதுதான், பிள்ளைகள் போனில் அதுதான். அடியில் டங்கு டங்கென்று தாளம், மேலே மூச்சிழுத்து ஒரு குழல். இரண்டாவது பாட்டுக்கும் அதையே கேட்டார்கள், மூன்றாவதற்கும். மற்றக் கூடங்களிலிருந்து இரவல் வாங்கிப்போனவர்கள், "சத்தம் லேட்டா வருதே, இழவு, கைக்கே வரமாட்டேங்குது" என்று திருப்பிக் கொடுத்தார்கள். பெட்டிக்காரர் ஒருவர் கைக்குத்தான் அது வசப்பட்டது. அவருக்குக் கிராக்கி ஏறியது. வெளியே கல்யாண வரவேற்புகளில் குழலுக்கு இருந்த கொஞ்சநஞ்சக் கிராக்கியும் இறங்கியது. பிளாஸ்டிக் சத்தமோ என்னவோ, பெட்டி ஒன்று வந்தால் குழலும் கூடவே வந்துவிடுகிறதே, தனியாக ஒரு ஆளுக்கு எதற்குச் சாப்பாடு போடுவது?

குழல்காரர் மாதத்துக்கு ஒருதரமாவது வருவார். வந்தால் சுற்றி வளைத்து அங்கேதான் வந்து நிற்பார்.

"கூடத்துல எனக்கு ஏதாச்சும் இருக்குமா மச்சான்? ஓரமா உக்காந்து ரெண்டு பிடி ஊதினாலும் போதும்."

"சொல்லி வச்சிருக்கேன் மாப்பிள்ளை. நேரம் வரட்டும்."

நேரம் எங்கிருந்து வரும்? ஆளே ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கிறாரே. இதைச் சொல்லாமல் தேநீரை நீட்டுவார். அன்றைக்கெல்லாம் பெட்டிக்காரருக்குச் சோறு இறங்காது. மனைவி ஏன் என்று கேட்டால் வயிறு சரியில்லை என்பார்.

ஒருநாள் அவசரமே, "காசு போடறவர் நிஜக் குழல்தான் வேணும்ங்கறார், உங்க தங்கச்சி வீட்டுக்காரர் வாசிப்பார்னு சொன்னீங்களே, கூட்டிட்டு வாங்க" என்றான். குழல்காரர் சட்டைக்கு இஸ்திரி போட்டு, முடி வெட்டி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி வந்தார். காதில் ஹெட்ஃபோனை மாட்டினார்கள். உள்ளே டிக் டிக்கென்று தாளம் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் மூச்செடுக்கும் இடத்தில் தாளம் நிற்கவில்லை. தாளத்தைப் பிடிக்கப் போனால் மூச்சு முறிந்தது. திரும்பத் திரும்ப வாசித்தார். வந்ததெல்லாம் வெறும் பயம்தான். பக்கத்தில் வில் இல்லாமல் அவர் வாசித்து எவ்வளவு காலம் ஆயிற்று என்பது பெட்டிக்காரருக்குத் தெரியும்.

அவசரம் பணிவாகத்தான் சொன்னான். "நல்லா வாசிக்கறீங்க சார். குறை சொல்லல. ஆனா நம்ம பெட்டில ஒருத்தர் இருக்கார், அவரோட நிதானம் வரலை. அண்ணே, போட்டுக் காட்டுங்க, சாருக்கும் புரியும்."

பெட்டிக்காரரின் கை கட்டைமேல் கிடந்தது. மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் தேடினார், கிடைக்கவில்லை. வாசித்தார். குழல்காரர் கண்ணை மூடிக் கேட்டார். தன் குரலைத் தானே வெளியிலிருந்து கேட்டால் யாருக்குத்தான் அடையாளம் தெரிகிறது? அவருக்குத் தெரியவில்லை. பாட்டு முடிந்ததும் கண்ணைத் திறந்தார். கண் கலங்கியிருந்தது.

"பஸ்ஸுல கேக்கற அந்தக் குழல் இதுதானா? யாரு சார் இவரு?"

"அண்ணனுக்குத் தெரிஞ்ச வெளியூர் ஆள்."

"என்ன ஒரு ஆறுதலான மூச்சு சார். வீட்ல ஒரு கவலையும் இல்லாத மனுசன் போல. இவரு இருக்கறப்ப என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்று கும்பிட்டுவிட்டுக் குழலை உறையில் போட்டார்.

படியிறங்கும்போது பெட்டிக்காரரின் தோளைத் தொட்டு, "இப்படி ஒருத்தர் இருக்கார்னு என்கிட்ட ஏன் மச்சான் சொல்லலை? நான் மனசு ஒடிஞ்சு போயிடுவேன்னுதானே?" என்றார்.

அதற்குப் பிறகு குழல்காரர் வரவில்லை. மெத்தைக் கடையில் சேர்ந்துவிட்டார் என்று பெட்டிக்காரர் கேள்விப்பட்டார். பழைய மெத்தைகளைப் பிரித்து, கட்டிப்போன பஞ்சை அடித்து உதறி, மறுபடி திணித்துத் தைக்கிற வேலை. பஞ்சுத் தூசியில் நின்றால் எதிரில் இருக்கிறவன் முகம் தெரியாது என்பார்கள். குழல் ஊதுகிறவன் போகிற இடமா அது?

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், தங்கை டயர்க் கடை வாசலில் வந்து நின்றாள். தலைக்குமேல் பாலித்தீன் சுற்றிய சீருடை மூட்டை. பெட்டிக்காரர் மாடியிலிருந்து ஓடிவந்து மூட்டையை வாங்கினார்.

"உள்ள வாம்மா, நனையற."

"வேணாம். ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். அந்தப் பாட்டு முதல்ல ரேடியோல வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும் அண்ணா."

"எந்தப் பாட்டு?"

"நடிக்காத. வருஷக்கணக்கா பக்கத்துல படுத்துக் கேக்கற மூச்சு எனக்குத் தெரியாதா? மெஷினை மிதிச்சுக்கிட்டிருந்தேன். கால் நின்னு போச்சு. அவர் பக்கத்துல பட்டன் தச்சுக்கிட்டிருக்கார், 'நல்லாருக்குல்ல இந்தக் குழல்'ங்கறார்."

பெட்டிக்காரர் மூட்டையைப் பிடித்தபடி நின்றார். அடுக்கிவைத்த டயர்களுக்குள் மழைத் தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

"ஏன் இத்தனை நாளா கேக்கலை?"

"கேட்டா ஆமான்னு சொல்லிடுவியோன்னு பயம். அப்புறம் நான் யார் பக்கம் நிக்கறது? அவரைக் கொண்டுவந்து கொடுத்ததே நீதானே."

"தப்புதாம்மா. பெரிய தப்பு."

"தப்பு சரியெல்லாம் உன்னோட வச்சுக்க. அவர் குழலைத் துணில சுத்திப் பரண்ல தூக்கிப் போட்டுட்டார். கேட்டா, 'வாசிக்க வேண்டியவங்க வாசிக்கறாங்க, நான் இத்தனை நாள் ஊதினதெல்லாம் வெறும் சத்தம்'ங்கறார். உலகத்துல தன்கிட்டயே தோத்துப்போன மனுசனைப் பாத்திருக்கியா? நான் பாக்கறேன், தினம் சோறு போடறேன்."

"நான் சொன்னா அப்புறம் என் முகத்துலயே முழிக்க மாட்டார்."

"முழிக்க வேணாம். உன்னை வெறுக்கட்டும். தன்னைத்தானே வெறுத்துக்கிட்டு உக்காந்திருக்கறதுக்கு அது எவ்வளவோ தேவலை. வந்து சொல்லு. நான் சொன்னா பொண்டாட்டி ஆறுதல் சொல்றாள்னு நினைப்பார்."

மூட்டையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே பெட்டிக்காரர் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு போனார். செருப்படி பட்டாலும் சரி, இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனார். குழல்காரர் அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தார். குளித்தும் புருவத்திலும் காது மடலிலும் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. இளைத்திருந்தார். "வாங்க மச்சான் வாங்க" என்று பாயை உதறிப் போட்டார். தங்கை அடுக்களை வாசலில் வந்து நின்றுகொண்டாள்.

பெட்டிக்காரர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

"மாப்பிள்ளை, அந்தப் பெட்டில இருக்கறது வெளியூர் ஆள் இல்ல. நீங்கதான்."

"என்னது?"

"அன்னிக்கு இந்த அறையில, ஃபேனை நிறுத்திட்டு ஒத்தை ஒத்தை சுரமா ஊதினீங்களே. அதைத்தான் கூடத்துக்குக் கொடுத்தேன். உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். அவங்ககிட்டயும் பொய் சொன்னேன். இத்தனை பாட்டுலயும் வர்றது உங்க மூச்சு. உங்க பொழைப்பைக் கெடுத்தது நான்தான்."

குழல்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டிக்காரர் அடி விழும் என்று நினைத்தார். விழுந்தால் நல்லது என்றுகூட நினைத்தார். ஆனால் அந்த முகம் மெல்ல இளகியது.

"இவ போய் உங்ககிட்ட அழுதாளா?" என்றார் மனைவியைக் காட்டி.

"இல்ல மாப்பிள்ளை, நிஜமா சொல்றேன்."

"நிஜம்தாங்க" என்றாள் தங்கை. "எனக்கு முதல் நாள்லயே தெரியும். அது உங்க மூச்சு."

"அண்ணனும் தங்கச்சியும் நல்லாத்தான் கூடிப் பேசியிருக்கீங்க." அவர் சிரித்தார். "நான் மனசு விட்டுட்டேன்னு இப்படி ஒரு கதை. என்னைத் தேத்தறதுக்காகத் திருடன்னு பேர் எடுத்துக்கக்கூட நீங்க தயார். இந்தக் காலத்துல யார் மச்சான் செய்வாங்க?"

பெட்டிக்காரர் கீபோர்டை எடுத்துவைத்து, மின்சாரம் கொடுத்து, விடுதியில் இருவரும் வாசித்த பழைய பாட்டு ஒன்றை அந்தக் குழலில் வாசித்தார். "கேளுங்க! நல்லாக் கேளுங்க! அந்த மூச்சைக் கேளுங்க! நீங்க இப்படித்தானே இழுப்பீங்க?"

"எல்லாக் குழல்காரனும்தான் மூச்சிழுப்பான்."

"அன்னிக்குப் புடிச்சது முழுசும் இருந்தா உங்க பேச்சே இருக்கும், காட்டியிருப்பேன். அதையும் அழிச்சுத் தொலைச்சுட்டேன்."

"சரி சரி, பதறாதீங்க. நானே காட்டறேன்."

குழல்காரர் ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரணிலிருந்து குழலை எடுத்தார். துணியைப் பிரித்து, துடைத்து, உதட்டில் வைத்தார். அதே பாட்டை எடுத்தார். முதல் சுரத்திலேயே காற்று கிழிந்தது. இரண்டாவது அடியில் இருமல் வந்தது. நிறுத்தி, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி வாசித்தார். பாதிப் பாட்டில் மூச்சுப் போதவில்லை. பஞ்சு அறை அந்த நெஞ்சில் என்னென்ன செய்திருந்ததோ, அத்தனையும் கேட்டது. பெட்டியில் இருக்கிற குழலுக்கும் இதற்கும் நிஜமாகவே சம்பந்தம் இல்லை. தங்கை புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"கேட்டீங்களா?" என்றார் குழல்காரர், கொஞ்சமும் கசப்பில்லாமல். "இது நான். அது அவரு. உங்க காதுக்குத் தெரியாததா மச்சான்? பாசம் கண்ணை மறைக்கும்னு சொல்லுவாங்க, உங்களுக்குக் காதையும் மறைச்சுடுச்சு."

பெட்டிக்காரர் பாயில் உட்கார்ந்துவிட்டார். சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லியாகிவிட்டது. இதற்கு மேல் உண்மை எதுவும் அவரிடம் மிச்சமில்லை. இருந்ததைத் தானே அழித்துவிட்டாரே. திட்டு வாங்குவதற்குத் தயாராக வந்த மனிதருக்கு இந்தப் பாராட்டைத் தாங்க முடியவில்லை, அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்துக் குழல்காரர் பதறி, பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"அட, இதுக்குப் போய் அழுவாங்களா? எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. நல்ல வாசிப்புக்கு ஒரு இடம் கிடைச்சிருக்கு, அதை வாசிக்கறது உங்க கை. அது போதும் எனக்கு." திரும்பி அடுக்களையைப் பார்த்து, "என்னம்மா, மச்சானுக்குச் சோறு போடு" என்றார்.

தங்கை தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டிக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அவரை எங்கயாச்சும் பாத்தா" என்றார் குழல்காரர், குழலைத் துணியில் சுற்றிக்கொண்டே, "நான் ரொம்ப விசாரிச்சேன்னு சொல்லுங்க மச்சான். உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க. அந்த மாதிரி மூச்சு எல்லாருக்கும் அமையாது."

"சொல்றேன் மாப்பிள்ளை" என்றார் பெட்டிக்காரர்.